உண்ணிக் காய்ச்சலின் சென்னை வரலாறு

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தெருவோரத்தில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றை மனமிரங்கி வீட்டுக்கு எடுத்து வருபவர், அல்லது காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயொன்றைத் தத்தெடுத்து வருபவர், முதலில் அஞ்சுவது வெறிநோய்க்கு. அச்சம் நியாயமானதுதான். ஆனால் அவர் நடைமுறையில் எதிர்கொள்ளப்போவது பெரும்பாலும் வேறொன்று. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து ஒருநாள் நாய் தட்டைத் தொடாமல் மூலையில் சுருண்டு படுக்கும். புது இடம் என்பர் வீட்டார். வெயில் என்பர் அண்டை அயலார். நான்கைந்து நாள் கழித்து மருத்துவரிடம் போகும்போது ஈறுகள் வெளுத்திருக்கும். உண்ணிக் காய்ச்சல் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு மூன்று வெவ்வேறு நோய்களின் தொகுதி. அவற்றுள் ஒன்று உலக அறிவியலுக்கு அறிமுகமானதே நம் கிண்டியிலிருந்துதான் என்பதைச் சென்னையில் நாய் வளர்ப்பவர்களில் மிகச் சிலரே அறிவர்.

உண்பதால் உண்ணி. தமிழ் இந்தச் சிற்றுயிருக்கு இட்ட பெயரில் ஒளிவு மறைவு ஏதுமில்லை. தெள்ளு வேறு, பேன் வேறு, உண்ணி வேறு என்ற பாகுபாடும் நம் பேச்சு வழக்கில் தெளிவாகவே இருந்திருக்கிறது. மாட்டுத் தொழுவமும் நாயும் அறிந்த சமூகத்தில் உண்ணி யாருக்கும் புதிதன்று. அது குடிக்கும் இரத்தத்துக்கு ஈடாக எதைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதுதான் எவருக்கும் தெரியாதிருந்தது.

கிண்டியில் இருக்கும் கிங் நிறுவனம் 1899இல் அம்மை குத்துவதற்கான பால் தயாரிக்கும் நிலையமாகத் தோன்றியது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கர்னல் கிங்கின் பெயரைத் தாங்கி, 1905 முதல் நுண்ணுயிர் ஆய்வுக்கூடமாகவும் வளர்ந்தது. வால்டர் ஸ்காட் பேட்டன் என்ற ராணுவ மருத்துவர் இங்கே பணியாற்றினார். ஈ, கொசு, உண்ணி, தெள்ளு என்று கடித்துப் பிழைக்கும் பூச்சிவகைகள் அனைத்தின்மீதும் தீராத ஈடுபாடு கொண்டவர். அவர் கிராக் என்பவருடன் சேர்ந்து எழுதி 1913இல் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் நூல் அத்துறையின் தொடக்க காலப் பாடநூல்களில் ஒன்று. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1910இல், பாரிஸிலிருந்து வெளிவந்த நோயியல் இதழொன்றில் அவருடைய முன்னறிக்கை ஒன்று அச்சாகியிருந்தது. மதராஸ் வேட்டைக் கழகத்தின் நாய்களது சிவப்பணுக்களுக்குள், அதுவரை அறியப்பட்டிராத மிகச் சிறிய, மோதிரம் போன்ற ஓர் ஒட்டுண்ணியைக் கண்டதாகவும், பின்னர் அதையே குள்ளநரியின் இரத்தத்திலும் கண்டதாகவும் அதில் தெரிவித்திருந்தார். கிப்சன் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று பபீசியா கிப்சோனி எனப்படும் ஒட்டுண்ணி இதுவே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்நோயைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சுட்டுவது இந்த மதராஸ் அறிக்கையைத்தான்.

மதராஸ் வேட்டைக் கழகம் என்பது வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் குதிரையேறி, நாய்க்கூட்டம் முன்னோட, குள்ளநரியைத் துரத்திய பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் நரிவேட்டையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள்; அங்குள்ள நரி இங்கில்லாததால் குள்ளநரி அதன் இடத்துக்கு வந்தது. நாய்களோ சீமைச் சாதி. கப்பலில் வந்திறங்கிய அவை இந்த மண்ணின் வெயிலையும் உண்ணியையும் ஒருசேரச் சந்தித்தன. வேட்டையாடப்பட்ட குள்ளநரி அந்த ஒட்டுண்ணியைத் தன் குருதியில் சுமந்துகொண்டு எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்க, வேட்டையாட வந்த நாய் அதே ஒட்டுண்ணியால் சோகை பிடித்து வீழ்ந்தது. இதில் கவிதை நியாயம் காண்பவர்கள் கண்டுகொள்ளட்டும். நமக்கு இதில் முக்கியமானது வேறு. நெடுங்காலம் ஓர் ஒட்டுண்ணியோடு பழகிய உயிர் அதைச் சுமந்துகொண்டே நலமாக இருப்பதுபோல் தோன்றும். நம் தெருநாய்கள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுதான். தத்தெடுத்து வந்த நாய் ‘நாட்டு நாய், எதையும் தாங்கும்’ என்று நாம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி ஒரு நுண்ணோக்கிக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

உண்ணி நோய் பரப்பும் என்ற செய்தி அப்போது உலகுக்கே புதிது. அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் டெக்ஸாஸ் காய்ச்சலை உண்ணியே கடத்துகிறது என்று நிறுவியது 1893இல். பூச்சியினம் ஒன்று ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைக் கடத்துவதற்குக் கிடைத்த முதல் சான்று அது. தென்னாப்பிரிக்காவில் லவுன்ஸ்பரி நாய்களுக்கும் அது பொருந்தும் என்று காட்டியது 1901இல். மருந்து தேடும் முயற்சியும் உடன் தொடங்கியது. 1909இல் கேம்பிரிட்ஜில் நட்டாலும் ஹாட்வெனும் டிரைபான் நீலம் என்னும் சாயம் நாய்களின் பெரிய பபீசியாவைக் கட்டுப்படுத்துவதைக் கண்டனர். ஆனால் நமது சின்ன மோதிரத்திடம் அது பலிக்கவில்லை. 1912இல் சைமன்ஸ் என்பவரும் பேட்டனும், அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த பால் எர்லிக்கின் மேகநோய் மருந்தான சால்வர்சானை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டதாக எழுதினர். மனிதருக்குக் கிடைப்பதே அரிதாயிருந்த மருந்தைப் பெற்ற அந்த நாய்கள் எந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

கிண்டியின் கதை அத்துடன் முடியவில்லை. 1930களில் கிங் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த ஹென்றி ஷார்ட், காலா அசார் ஆய்வில் பெயர் பெற்றவர். அவர் 1936இல் பெரிய பபீசியாவின் வாழ்க்கைச் சுற்றைப் பழுப்பு நாயுண்ணிக்குள் பின்தொடர்ந்து விவரித்தார். மறு ஆண்டு சுவாமிநாத்தும் அவரும் சேர்ந்து, சிறிய பபீசியாவைக் கடத்தும் உண்ணி எது என்ற ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கண்டது மாடுகளிடமும் புல்வெளிகளிலும் மிகுதியாக வாழும் வேறோர் உண்ணியினத்தை. தெருவெங்கும் எருமைத் தொழுவங்களும், அடையாற்றங்கரையில் புதரும் புல்லுமாகக் கிடந்த அன்றைய நகரத்தை மனத்தில் கொண்டால் இது எளிதில் விளங்கும். சுவாமிநாத்தின் பெயரை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். 1942இல் மணல் ஈயின் கடியால்தான் காலா அசார் பரவுகிறது என்று மெய்ப்பித்த மூவரில் ஒருவர் அவர்.

மற்றொரு உண்ணிக் காய்ச்சல் அல்ஜீரியாவில் 1935இல் விவரிக்கப்பட்டது. இது சிவப்பணுவைத் தாக்காமல் வெள்ளணுவுக்குள் குடியேறும். தட்டணுக்கள் சரிந்து மூக்கிலிருந்து இரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பின்னாளில் எர்லிக்கின் பெயராலேயே இதற்கு எர்லிக்கியா என்று பெயரிட்டனர். இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தவர் எஸ். வி. முதலியார், ஆண்டு 1944, இதழ், 1924 முதல் மதராஸிலிருந்து வந்த இந்தியக் கால்நடை மருத்துவ இதழ். அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. 1960களின் இறுதியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் இரத்தம் கசிந்து இறந்தபோதுதான் உலகம் இந்நோயைத் திரும்பிப் பார்த்தது. அங்கும் மாண்டவை பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள்.

வேட்டை நாய், ராணுவ நாய் என்று இந்த வரலாறு முழுவதும் விலையுயர்ந்த நாய்களின் குருதியில் எழுதப்பட்டிருக்கிறது. 1903இல் வேப்பேரியில் தொடங்கிய கால்நடைக் கல்லூரியும் முதலில் கவலைப்பட்டது மாட்டையும் குதிரையையும் பற்றித்தான். தெருநாய் அதே காலத்தில் மருத்துவத்துக்குள் நுழைந்தது, ஆனால் நோயாளியாக அன்று, ஆபத்தாக. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநாய் கடித்து இறந்தது தென்னிந்தியாவைக் குலுக்கியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸின் நன்கொடையும் சேர, 1907இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்யப்படும் தடுப்பூசி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நம்மை ஆண்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் குழந்தைகளை மிரட்டியது அதைச் சொல்லித்தான். சிலருக்கு அந்த ஊசியே பக்கவாதத்தைக் கொண்டுவந்தது. 2004 இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. நாய் மீதான அச்சத்தில் எவ்வளவு பங்கு நோயினுடையது, எவ்வளவு பங்கு சிகிச்சையினுடையது என்று யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

அச்சத்தின் விளைவு மாநகராட்சியின் நாய் வண்டி. சுருக்குக் கம்பியில் பிடிபட்ட நாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. 1996ஐ ஒட்டி நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார்; 1970களில் அந்தத் தோலைக் கொண்டு கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்யும் அளவுக்கு எண்ணிக்கை பெருகியிருந்தது என்றும் குறிப்பிடுகிறார். இத்தனைக்குப் பிறகும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும்; எஞ்சியது இன்னும் செழிப்பாகக் குட்டி போடும்.

மாற்றம் தியாகராய நகரிலிருந்து வந்தது. 1959இல் ஒரு மழைநாளில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும், விமானியான அவர் மனைவி உஷா சுந்தரமும், மகன் சின்னி கிருஷ்ணாவும் அந்த வீட்டிலேயே தொடங்கியது பின்னர் ப்ளூ கிராஸாக வளர்ந்தது. தத்தெடுத்தல் என்ற சொல் நாய்க்குப் பொருந்தும் என்று இந்நகரம் கற்றுக்கொள்ளத் தொடங்கிய ஆண்டாக இதைக் கொள்ளலாம். அதே காலத்தில் அடையாற்றின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதிமொழிக்கு வழிவகுத்து, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாயிற்று. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற யோசனையை ப்ளூ கிராஸ் 1964இலேயே முன்வைத்தது. மாநகராட்சி தென்சென்னையில் அதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது 1995இல். நகரம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது 1996இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? 2001இல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன. இன்று கண்ணம்மாபேட்டையிலும் லாயிட்ஸ் காலனியிலும் மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் இருக்கின்றன.

தெருநாய் உயிரோடிருக்க அனுமதி பெற்ற பிறகுதான் அதன் நோயைப் பற்றிய கேள்வியே எழுகிறது. மேலே சொன்ன பழைய அறிக்கைகள் திடீரென்று நம் வீட்டுச் செய்தியாவது இங்கேதான்.

வந்த முதல் வாரத்தில் விரல்களால் தேடவேண்டிய இடங்கள் காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள். கண்ட உண்ணியை நசுக்கக் கூடாது. தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து, சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போடவேண்டும். மண்ணெண்ணெய், ஃபினாயில், தேங்காயெண்ணெயில் குழைத்த கற்பூரம் ஆகிய நம் பாட்டி வைத்தியங்களை நாய் நக்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பே வரலாம். அதைவிடப் பெரிய மறதி, உண்ணியின் வாழ்நாளில் பெரும்பகுதி நாயின்மேல் கழிவதில்லை என்பது. ஷார்ட் பின்தொடர்ந்த அதே பழுப்பு நாயுண்ணி, குடித்து முடித்ததும் உதிர்ந்து சுவரேறும். கதவு நிலையின் பிளவிலும் படத்தின் பின்புறத்திலும் ஒளிந்து நாலாயிரம் முட்டைகள் வரை இடும். வீட்டுக்குள்ளேயே தலைமுறைகள் நடத்தக்கூடிய உண்ணி இது. பனிக்காலமே இல்லாத சென்னையில் அதற்கு ஓய்வும் கிடையாது. ஆகவே ஒருநாள் குளிப்பாட்டி முடிகிற காரியமன்று. கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, அண்மை ஆண்டுகளில் வந்திருக்கும் மெல்லும் மாத்திரையோ மாதக்கணக்கில் தொடரவேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்து வேண்டாம். நாய்க்கு உதவும் அது பூனைக்கு நஞ்சு.

நாய் உண்ணாமலிருந்தால் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்க்கவேண்டும். இளஞ்சிவப்பாக இருப்பது சாதாரணம். காகிதம்போல் வெளுத்திருந்தாலோ மஞ்சள் பாரித்திருந்தாலோ மறுநாள்வரை காத்திருக்கலாகாது. சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த இடத்தில் நம் சமையலறையும் ஒரு பாத்திரம் வகிக்கிறது. வெங்காயம் நாயின் சிவப்பணுவைத் தானும் உடைக்கும்; ஒட்டுண்ணி பாதியை அழித்திருக்க, மீந்துபோன வெங்காய சாம்பார் சாதம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காய்ச்சலடிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அத்தகையதே.

குள்ளநரிப் பாடம் நினைவுக்கு வரவேண்டிய இடமும் இதுதான். நலமாகத் தோன்றும் தத்து நாய் ஒட்டுண்ணியை மறைவில் சுமந்திருக்கக்கூடும். இடமாற்றத்தின் அலைக்கழிப்பு, கருத்தடை அறுவை, பிரசவம், சொறிக்காகப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், உறங்கியது விழிக்க. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் நான்கு வாரம் கொடுக்கவேண்டும், நாய் பத்தாம் நாள் வாலாட்டினாலும் நிறுத்தக் கூடாது. பபீசியா கிப்சோனி மட்டும் நூறாண்டு கழித்தும் பிடிவாதக்காரனாகவே இருக்கிறது. 2000களில் நடைமுறைக்கு வந்த அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் கூட்டும் அதை அடக்குகிறதே தவிர ஒவ்வொரு நாயிலும் ஒழிப்பதில்லை. அதன் விலையோ தெருநாய்க்கு உணவிடும் ஒரு பென்ஷன்தாரருக்கு எட்டாதது.

குட்டியானால் பார்வோ நோயையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 1978இல் உலகில் தலைகாட்டிய இந்தக் குருதிக் கழிச்சல் இந்தியாவில் முதலில் பதிவானதும் 1980களின் தொடக்கத்தில், மதராஸிலிருந்துதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை தடுப்பூசிகளை முடிக்காத குட்டியைத் தெருமண்ணில் விடுவது ஆபத்து. அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். வீட்டில் யாரையேனும் குட்டி கடித்தோ கீறியோ விட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும்; பிறகு மருத்துவமனை. இப்போது ஊசி கையில்தான்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், விரும்புவோர் தெருநாய்களைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றது. அப்படி வரும் நாய்களுக்கு ஏற்கெனவே கருத்தடை ஆகியிருந்தால் காதில் ஒரு வெட்டு இருக்கும். மருத்துவரிடம் முதன்முறை போகும்போது அதே காது நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்க்கச் சொல்லலாம். பெரிய நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தைவிட அந்த நுண்குழாய் இரத்தத்தில் பபீசியா அகப்படும் வாய்ப்பு அதிகம். சோதனைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் முதல்முறை தப்பிவிடக்கூடும் என்பதால், நாய் சோர்ந்தால் இரண்டு மூன்று நாளில் மறுபடியும் பார்க்கச் சொல்லவேண்டும்.